பதினாலு சுத்து

ஓவன்ஸ்டன் எவ்வளவு பெரிய ஊர் என்று என்னிடம் யாராவது கேட்டால், எந்த வருஷத்து ஓவன்ஸ்டன் என்று திருப்பிக் கேட்பேன். பென்சில்வேனியாவில் ரெண்டு மலைக்கு நடுவில், ப்ளம் க்ரீக் என்ற ஓடையை ஒட்டிக்கொண்டு நாலே நாலு தெருவோடு கிடக்கிற இந்த ஊரை ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டில் வேல்ஸ் தேசத்து நிலக்கரிக்காரர்கள் சங்கிலி போட்டு அளந்து ஒரு மைல் நீளம் என்று எழுதி வைத்தார்கள், கரி தீர்ந்து சுரங்கத்தை மூடியபோதும் ஒரு மைல்தான், பட்டு மில் வந்து போனபோதும் சட்டைக் கம்பெனி வந்து போனபோதும் ஒரு மைல்தான், மூவாயிரத்து நானூறு பேர் அறுநூறு பேராகி நாங்கள் வந்து இறங்கியபோதும் அதே ஒரு மைல்தான், ஆனால் இன்று காலை நான் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து பார்த்தேன், எண்ணூற்றுப் பத்துத் தப்படியில் ஊர் முடிந்துவிட்டது.

இந்த மாதிரி ஊரை இங்கே பரோ என்பார்கள். நகரமும் இல்லை, கிராமமும் இல்லை, நம்மூர்ப் பேரூராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேயர், ஏழு மெம்பர், ஒரு தீயணைப்பு வண்டி, ஒரு தண்ணீர்க்காரன். அந்தத் தண்ணீர்க்காரன் நான்தான். பெயர் கோயில்பிள்ளை, நாசரேத் பக்கம். அங்கே குடிநீர் வாரியத்தில் வால்வு திறந்து மூடிக்கொண்டிருந்தவன், என் மனைவி ஹெப்சிக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்ததும் அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு பதினோரு வருஷத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தேன், வந்த இடத்திலும் வால்வுதான். கோயில்பிள்ளை என்று சொல்ல இவர்களுக்கு நாக்கு வளையாது. பிள்ளையில் பாதியை வெட்டி பில் ஆக்கிவிட்டார்கள். போகட்டும், அதற்கெல்லாம் கோபப்பட்டால் இங்கே குடித்தனம் பண்ண முடியாது.

எங்கள் மகள் நேசா இங்கேதான் பிறந்தாள், இங்கேதான் ஆறு வயசில் மூளைக்காய்ச்சல் வந்து நாலே நாளில் போனாள். சர்ச்சுக்குப் பின்னால் மலைச்சரிவில் ஊர்க் கல்லறைத் தோட்டம், அதில் மேலிருந்து மூன்றாவது வரிசையில் அவளை வைத்தோம். அன்றிலிருந்து நான் இந்த ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று துடித்தேன், ஹெப்சி அசையவில்லை. ஹூஸ்டனில் என் அத்தான் இருக்கிறார், வேலை இருக்கிறது, வெயில் இருக்கிறது, வாட்டி, போவோம் என்று மூன்று வருஷமாகக் கெஞ்சினேன். "பிள்ளைய ஒத்தையில விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன். நீங்க வேணா போங்க" என்பாள், அதோடு பேச்சு முடிந்துவிடும். தினமும் மூன்று மணிக்கு டூட்டி முடிந்ததும் யூனிபார்மோடு மலை ஏறி நேசாவிடம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். மழை, பனி, காய்ச்சல், எதற்கும் விட்டதில்லை.

போன மே மாதம் முதலில் போனது மிஸஸ் கோவாலிக் வீடு. செஸ்ட்நட் தெருவில் நாற்பத்தியொன்றாம் நம்பர். அந்தம்மா ஃபுளோரிடாவில் மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். ஒரு வீடு காலியானால் மூன்று நாளுக்குள் தண்ணீரை மூட வேண்டும் என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் போட்ட பரோ சட்டம் இருக்கிறது, இல்லாவிட்டால் குளிரில் குழாய் வெடித்து வீடு நாறிப்போகும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நடைபாதையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்பு மூடி இருக்கும், அதைத் தூக்கிவிட்டு என் உயரத்துக்கு இருக்கிற நீளச் சாவியை உள்ளே விட்டுக் கால் சுத்து சுத்தினால் வால்வு மூடிக்கொள்ளும். வியாழக்கிழமை சுத்தினேன். வெள்ளிக்கிழமை காலையில் நாற்பத்தியொன்றாம் நம்பர் இல்லை. இடிந்து கிடக்கவில்லை, எரிந்து கிடக்கவில்லை, குழியும் இல்லை. முப்பத்தொன்பதும் நாற்பத்துமூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, ரெண்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய இடமில்லை, தெரு அத்தனை அடி குட்டையாகிவிட்டிருந்தது.

முப்பத்தொன்பதில் இருக்கிறவர் வால்ட். எண்பத்தாறு வயசு, கடைசிச் சுரங்கத்தில் கடைசி நாள் வரை கரி வெட்டிய மனுஷர், மனைவி ஐரீனை மலையில் அடக்கம் பண்ணிவிட்டுத் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். நாற்பத்துமூன்றாம் வீட்டுக்காரனோடு ஒரு மரக்கிளைக்காக இருபத்தெட்டு வருஷமாக முகம் பார்ப்பதில்லை. இப்போது ரெண்டு பேர் சுவரும் ஒட்டிக்கொண்டது. நான் அங்கே வாயைப் பிளந்து நின்றபோது வால்ட் வெளியே வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "அந்தப் பய டிவியை எவ்வளவு சத்தமா வைக்கிறான் பாரு பில்" என்றார், அவ்வளவுதான் அவருக்குச் சொல்லத் தோன்றியது.

அந்த மாதக் கூட்டத்தில் மேயர் டோனா, முடிவெட்டும் கடை வைத்திருக்கிறவள், ஊரில் யார் தலையில் எத்தனை நரை என்பது வரைக்கும் தெரிந்தவள், இதையும் விவாதத்துக்கு எடுத்தாள். நாற்பத்தியொன்றாம் நம்பர் காணப்படவில்லை, குறித்துக்கொள்ளப்பட்டது என்று மினிட்ஸில் எழுதி, அடுத்ததாக நூலகத்து ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கிற விஷயத்துக்குப் போய்விட்டார்கள். கோட்டிக்காரக் கூட்டம் என்று அன்றைக்கு வீட்டில் வந்து திட்டினேன். அப்புறம் ஒரு நாளைக்கு நாலு, அஞ்சு என்று போக ஆரம்பித்தது. பட்டு மில் மூடிய காலத்தில் பூட்டிய வீடு, சட்டைக் கம்பெனி போனபோது பூட்டிய வீடு, எனக்கு முந்தின தண்ணீர்க்காரனும் அவனுக்கு முந்தினவனும் வால்வு மூடிவிட்டுப்போன வீடுகளெல்லாம் வரிசையாகக் கிளம்பின, கோடை முடிவதற்குள் நூற்று நாற்பது வீடு போய்விட்டது, ஊர் ஒவ்வொரு நாளும் தன்னைத் தானே கொஞ்சம் இழுத்து முடிந்துகொண்டது.

ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் வியப்பு. ஸ்கூல் பஸ்காரர் ஆறு நிறுத்தத்தை மூன்றாக்கினார். தபால்காரி ஒரு மணி நேரம் முன்னாலேயே வீட்டுக்குப் போனாள், முட்டிவலி குறைந்தது என்றாள். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் தீயணைப்பு வண்டி ஊரின் கடைசிக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னால் வந்த பேண்டு வாத்தியக்காரர்கள் இன்னும் புறப்படவே இல்லை, அதனால் ரெண்டு தரம் சுற்றுவோம் என்று டோனா சொன்னாள், சுற்றினார்கள். கவுண்டி என்கிற மாவட்ட ஆபீஸிலிருந்து ஒருத்தன் நாடாவோடு வந்து மூன்று தரம் அளந்து, மூன்று தரமும் வேறு வேறு கணக்கு வந்ததால் வசந்த காலத்தில் வருகிறேன் என்று போய்விட்டான். மிஸஸ் கோவாலிக்கின் மகள் பியானோவை ஏற்றிக்கொண்டு போக லாரியோடு வந்து அந்த ஒட்டின சுவருக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றாள், டோனா அவளைக் கடைக்குள் கூட்டிப்போய்க் காபி கொடுத்தாள், அவள் வெறும் லாரியோடு திரும்பினாள். அந்த வீடெல்லாம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. போனவர்களைப் பற்றி அதிகம் கேட்காதது இந்த ஊரின் நூறு வருஷத்துப் பழக்கம்.

நான்தான் முடிச்சை அவிழ்த்தேன். வால்வு மூடின வீடு மட்டும்தான் போகிறது, ஆள் இல்லாவிட்டாலும் தண்ணீர் திறந்திருக்கிற வீடு அப்படியே நிற்கிறது என்று செப்டம்பர் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். ஊர் சின்னதானால் பனி தள்ளுவது சுலபம்தானே என்று மூன்று மெம்பர் வாதாடினார்கள், நாலு பேர் மறுத்தார்கள். நாலுக்கு மூன்று. இனிமேல் காலி வீட்டுக்கும் தண்ணீரை மூடக்கூடாது, குழாய் உறையாமலிருக்கத் தண்ணீர்க்காரர் தினமும் போய் நூல் மாதிரி தண்ணீரை ஓட விட்டு வரவேண்டும் என்று தீர்மானம். அன்றிலிருந்து முப்பத்தியொரு காலி வீட்டின் சாவி என் இடுப்பில். ஆளில்லாத அடுப்படியில் போய்க் குழாயைத் திறந்து, ஒழுகுகிறதா என்று பார்த்து, கதவைப் பூட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவேன். எங்கள் ஊரில் ஒரு குடம் தண்ணீருக்குப் பெண்கள் முடியைப் பிடித்துக்கொண்ட சண்டையை விலக்கிவிட்டவன் நான், இங்கே வந்து யாருமில்லாத வீட்டில் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்கிறேனே என்று சில நாள் சிரிப்பு வரும், சில நாள் அழுகை வரும்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன்.

நவம்பர் முதல் திங்கட்கிழமை பரோவில் குளிர்கால மூடல். வீடுகள் இல்லை, பொதுக் குழாய்கள். பேஸ்பால் மைதானத்துக் குழாய், பூங்காக் குழாய், கல்லறைத் தோட்டத்துக் குழாய், மூன்றையும் மூடிவிட்டு ஏப்ரலில் திறப்பது வழக்கம். பட்டியல் என் லாரியில் கண்ணுக்கு மேலே பதினோரு வருஷமாக ஒட்டியிருக்கிறது, அதைப் பார்க்கக்கூட வேண்டாம், கைக்கே தெரியும். அக்டோபர் கூட்டத்தில் குளிர்கால மூடலுக்கு அனுமதி கேட்டேன், ஏழு பேரும் ஒரே குரலாகச் சரி என்றார்கள், டோனா கையெழுத்துப் போட்டாள். ஆறு மாதமாக வீடு, வீடு, வீடு என்றே பேசியிருந்தோம். கல்லறைத் தோட்டம் வீடு இல்லையே. அதில் யாரும் குடியிருக்கவில்லையே. அங்கே ஆயிரத்து நூறு பேர் கிடக்கிறார்கள் என்று எங்களில் ஒருத்தருக்கும் நினைப்பு வரவில்லை, என் மகள் கிடக்கிறாள் என்று எனக்கே நினைப்பு வரவில்லை.

மலைக்குப் போகிற லைன் அந்தக் காலத்தில் சுரங்கத்துக்குப் போட்ட நாலு இஞ்ச் லைன். அதற்குக் கால் சுத்து போதாது. சர்ச்சுக்குப் பக்கத்தில் நின்று, நீளச் சாவியை உள்ளே விட்டு, இரண்டு கையாலும் பிடித்துப் பதினாலு சுத்து சுத்த வேண்டும். சுத்தினேன். அன்றைக்கு நல்ல வெயில், ஏதோ பாட்டுக்கூட முணுமுணுத்தேன். சவம், அந்தப் பாட்டு இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் பாஸ்டர் போன் பண்ணினார். பில், கொஞ்சம் வர முடியுமா என்றார், நிதானமாகத்தான் சொன்னார். போய்ப் பார்த்தால் சர்ச்சின் பின்சுவரை உரசிக்கொண்டு மலைக்காடு நிற்கிறது. கல்லறைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஓக் மரங்கள், சுவரிலிருந்து மூன்றடி தள்ளி. நடுவில் இருந்த சரிவு இல்லை, இரும்பு கேட் இல்லை, வேல்ஸ்காரர்களின் கறுப்புக் கல் இல்லை, போலந்துக்காரர்களின் சிலுவை இல்லை, மேலிருந்து மூன்றாவது வரிசை இல்லை. பேஸ்பால் மைதானமும் போயிருந்தது, பூங்காவும் போயிருந்தது, அதை அன்றைக்கு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அந்த மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து கையால் மண்ணைப் பறித்தேன், என்னத்துக்குப் பறித்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வால்வு இருந்தால் திறந்துவிடலாம். வால்வு மூடியும் நிலத்தோடு போய்விட்டது.

ஹெப்சியிடம் போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மூன்று மணி வரைக்கும் சர்ச் வாசலில் நின்றேன். மூன்றேகாலுக்கு ஃபிளாஸ்கோடு வந்தாள், என்னைப் பார்த்தாள், சுவரைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். நானும் பின்னாலேயே போனேன். மரங்களைப் பார்த்தாள்.

"எங்க?" என்றாள்.

"மூடிட்டேன்ட்டி" என்றேன். "நேத்து. எப்பவும் மூடுறதுதான. நினைப்பில்லாம மூடிட்டேன்."

"இதுக்கு எத்தனை சுத்து?"

எதற்குக் கேட்கிறாள் என்று புரியாமல், "பதினாலு" என்றேன்.

"பதினாலு சுத்து. ஒரு சுத்துலகூட அவ முகம் வரலியா உங்களுக்கு?"

வரவில்லை. அதுதான் உண்மை. அவள் ஃபிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு நடந்து போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை இல்லை. சோறு வைப்பாள், துணி மடிப்பாள், டூட்டிக்குப் போவாள், மூன்று மணிக்கு நேரே வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் முக்கால் மணி நேரம் உட்காருவாள். நான் முன்னால் போய் நின்றால் சுவரைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாள்.

ஊர்க்காரர்கள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் உயிர் பிழைத்திருப்பேன். இங்கே ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அக்கம்பக்கத்தார் கண்ணாடித் தட்டில் உருளைக்கிழங்கும் சீஸும் வைத்து ஓவனில் சுட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள், அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டு வாசலில் அந்தத் தட்டுகள் வந்து குவிந்தன. தாயைத் தொலைத்தவள், புருஷனைத் தொலைத்தவள், மூன்று தலைமுறையைத் தொலைத்தவன், எல்லாருடைய கல்லறையையும் தொலைத்த எனக்கே கொண்டுவந்து வைத்துவிட்டு, உன் வேலையைத்தானே செய்தாய் பில், கையெழுத்துப் போட்டது நாங்கள்தானே என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் சர்ச்சுக்குள் ஆராதனையை முடித்து எல்லாரையும் பின்சுவருக்குக் கூட்டிப்போனார், அந்த மூன்றடி இடுக்கில் ஒருத்தர் பின் ஒருத்தராகப் பக்கவாட்டில் நுழைந்து மரத்தடியில் பூ வைத்தார்கள். டோனா பூவை வைத்துவிட்டு வெளியே வரும்போது கோட்டில் ஒட்டின சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே, அடுத்த வாரம் எல்லாரும் பழைய கோட்டுப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்றாள்.

எனக்கு வீட்டிலும் இருக்க முடியவில்லை, வெளியிலும் இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அந்த இடுக்கின் வாயில் தோண்டினேன். வால்வு போனால் போகட்டும், லைன் எங்கேயாவது இருந்துதானே ஆக வேண்டும். நாலடி ஆழத்தில் கை இரும்பில் பட்டது. பழைய நாலு இஞ்ச் குழாய், துருப்பிடித்து, மரங்களைப் பார்த்து ஓடுகிறது, ஓர் எட்டு தள்ளித் தோண்டினால் இல்லை. வெட்டின மாதிரி இல்லை, உடைந்த மாதிரி இல்லை, குழாய் அந்த இடம் வரைக்கும் இருக்கிறது, அதற்கப்புறம் மண்.

எங்கள் தொழிலில் கசிவு கண்டுபிடிக்க ஓர் இரும்புக் கம்பி வைத்திருப்போம். ஒரு முனையைக் குழாயில் ஊன்றி மறு முனையைக் காதில் வைத்தால், நூறு அடிக்கு அந்தப் பக்கம் ஒரு சொட்டு விழுந்தாலும் கேட்கும். இருபது வருஷமாக இந்தக் காதால் பிழைக்கிறேன். கம்பியை ஊன்றினேன், மூச்சை அடக்கிக் கேட்டேன். ஒன்றுமில்லை. உள்ளே தண்ணீர் இருந்தால் ஒரு முணுமுணுப்பு இருக்கும், காற்று இருந்தால் ஓர் ஊதல் இருக்கும். அதில் ரெண்டும் இல்லை. நேசா என்று கூப்பிட்டேன், குழாயில் வாயை வைத்துக் கூப்பிட்டேன், பிறகு திரும்பவும் கேட்டேன்.

என் சத்தம் கேட்டு வால்ட் வந்துவிட்டார். கைத்தடியோடு பள்ளத்தில் இறங்கி, "குடு" என்று கம்பியை வாங்கிக் காதில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது.

"பாத்திரம் கழுவுறா" என்றார்.

"யாரு?"

"ஐரீன். தட்டை தட்டு மேல வைக்கிற சத்தம் எனக்குத் தெரியாதா? அம்பத்தியொரு வருஷம் கேட்டிருக்கேன் பில்."

கம்பியை வாங்கித் திரும்பவும் கேட்டேன். ஒன்றுமில்லை. ஆனால் அந்த எண்பத்தாறு வயசுக் கண்ணைப் பார்த்துக்கொண்டு ஒன்றுமில்லை என்று சொல்ல என்னால் ஆகவில்லை.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். அதற்கு மறுநாள் டோனா ஒரு தாளில் நேரம் போட்டு, ஆளுக்குப் பத்து நிமிஷம், பெயர் எழுதிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று சட்டம் போட்டாள், சமையல்கட்டில் கேக் வேகிற நேரம் பார்க்கிற மணியை எடுத்துவந்து சுவரில் மாட்டினாள். தீயணைப்பு நிலையத்து மடக்கு நாற்காலிகள் வந்தன, சர்ச்சின் பெரிய காபிப் பாத்திரம் வந்தது, மழை வந்தால் நனையாமலிருக்கத் தார்ப்பாய் கட்டினார்கள். ஒருத்திக்கு அம்மாவின் இருமல் கேட்டது. ஒருத்தனுக்கு அப்பா வேல்ஸ் பாஷையில் திட்டுகிற சத்தம். தபால்காரிக்குத் தம்பி சைக்கிள் மணி. வெளியூரில் குடியேறிப்போன பிள்ளைகள்கூட ஒரு ரெண்டு பேர் கார் ஓட்டிக்கொண்டு வந்து, கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போனார்கள். கம்பியைப் பிடித்து, சரியான இடத்தில் ஊன்றி, காதில் வைத்துக்கொடுக்கிற வேலை என்னுடையது. தினமும் எல்லாரும் போன பிறகு ஒரு தரம், ஆட்கள் வருவதற்கு முன்னால் ஒரு தரம் நான் கேட்பேன். ஒரு சொட்டுச் சத்தம் கிடையாது. எல்லாருக்கும் கேட்கிறது, எனக்கு மட்டும் கேட்கவில்லையே, மூடின கைக்கு இது தண்டனையா, இல்லை, தண்ணீர்க்காரன் காது என்பதால் உள்ளதை மட்டும் கேட்கிறதா என்று நினைத்து நினைத்து மூளை கலங்கிப்போனேன்.

ஆனாலும் ஓர் ஆசை. ஹெப்சிக்குக் கேட்டுவிட்டால் போதும். எனக்கு வேண்டாம், அவளுக்குக் கேட்டுவிட்டால் என்னோடு பேசிவிடுவாள், இந்த ஊரிலேயே செத்தாலும் எனக்குச் சம்மதம். அவள் சாப்பிடும்போது சொல்வேன், துணி மடிக்கும்போது சொல்வேன், ஒரு தரம் வந்து கேளேன்ட்டி, வால்ட்டுக்குக் கேக்குது, டோனாவுக்குக் கேக்குது என்பேன். அவள் தலையைத் தூக்கமாட்டாள்.

பத்தொன்பதாம் நாள் சனிக்கிழமை. காலையில் தார்ப்பாயைக் கட்டிவிட்டுத் தாளைப் பார்த்தால், பதினொன்று பத்துக்கு நேராக ஹெப்சி என்று அவள் கையெழுத்து. டூட்டிக்கு நடுவில், சரியாகப் பதினொன்று எட்டுக்கு வந்தாள், நீல யூனிபார்ம், மேலே கோட்டு. டோனா எழுந்து நின்றாள். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள், அந்தக் கல்லறைத் தோட்டத்தில் மழையென்று பாராமல் உட்கார்ந்திருந்தவள் இவள்தான் என்று ஊருக்கே தெரியும். நான் கம்பியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி ஈர மண்ணில் முழங்காலிட்டாள்.

குழாயில் வைப்பதற்கு முன்னால் அந்த வட்டத்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினாள். சின்னப் பிள்ளைகளுக்கு ஜில்லென்று படக்கூடாது என்று அவர்கள் அப்படிச் செய்வது வழக்கம். பிறகு வைத்தாள். ஓரிடத்தில் கேட்டாள், கொஞ்சம் நகர்த்திக் கேட்டாள், பக்கவாட்டில் வைத்துக் கேட்டாள், அடியில் கையை விட்டுக் கேட்டாள், கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல், பைய. பத்து நிமிஷம் ஆயிற்று. டோனா மணியை அடிக்காமல் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஹெப்சி கண்ணைத் திறந்தாள். காதிலிருந்து எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். மணிக்கட்டைத் திருப்பி வாட்ச்சைப் பார்த்தாள்.

"பதினொண்ணு இருபத்தி மூணு" என்றாள்.

தமிழில்தான் சொன்னாள், எனக்கு மட்டும்தான் புரிந்தது. ஆஸ்பத்திரியில் ஓர் உயிர் போனால் நேரத்தை வாய்விட்டுச் சொல்லி எழுதிக்கொள்வார்கள். ஹெப்சி எத்தனையோ பேருக்கு எழுதியவள், ஆனால் நேசா எத்தனை மணிக்குப் போனாள் என்று இந்த மூன்று வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை, யாராவது கேட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். இப்போது பையிலிருந்து பேனாவை எடுத்துப் புறங்கையில் அந்த நேரத்தை எழுதினாள்.

நான் பள்ளத்தில் அவள் பக்கத்தில் இறங்கி உட்கார்ந்துவிட்டேன். "எனக்கும் ஒண்ணும் கேக்கலட்டி" என்றேன். "ஒரு நாளும் கேக்கல. அதுல ஒண்ணுமே இல்ல."

"தெரியும்" என்றாள். "கேட்டிருந்தா தெருவெல்லாம் கத்திக்கிட்டு ஓடி வந்திருப்பீங்க."

பத்தொன்பது நாளைக்கு அப்புறம் அவள் என்னிடம் பேசியது அதுதான். நான் அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை, அத்தனை பேர் பார்க்க வாய்விட்டு அழுதேன். அவள் அழவில்லை, என் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

அடுத்த நேரம் வால்ட்டுடையது. அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளத்தின் விளிம்புக்கு வந்து நின்றார், உதடு காய்ந்திருந்தது. "டாக்டர் வைக்கிற கருவி ஆச்சே, அது பொய் சொல்லாதுல்ல" என்றார் அவளிடம். "உனக்கு என்னம்மா கேட்டுச்சு?"

ஹெப்சி அவரைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தாள்.

"தட்டுச் சத்தம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "யாரோ பாத்திரம் கழுவுறாங்க."

பிறகு என் பக்கம் குனிந்து, அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். "எந்திரிங்க" என்றாள். "தள்ளுங்க, அவரு இறங்கட்டும்."